தோல் வியாபாரம்

ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறந்தது என்றால், தாயும் பிள்ளையும் சுகமா என்று கேட்பதற்கு முன் நம் ஜனங்கள் கேட்பது, "நிறம் எப்படி?" என்பதுதான். கருப்பு என்று சொல்லிவிட்டால் பாட்டி பெருமூச்சு விடுகிறாள். தகப்பன் இன்னும் எத்தனை பவுன் கூடப் போட வேண்டுமோ என்று அன்றைக்கே கணக்குப் பார்க்கிறான். கண்ணே திறக்காத அந்தச் சிசு செய்த குற்றம் என்ன என்று கேட்கிறோம்.

கருப்பு ஒரு வியாதியா? இல்லவே இல்லை. மெலனின் என்னும் பொருள் தோலில் மிகுந்திருந்தால் கருப்பு, குறைந்திருந்தால் சிவப்பு. சங்கதி இவ்வளவுதான். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் உடம்பைக் கெடுக்காதபடி அது குடைபோல் நின்று காக்கிறது. கொளுத்தும் வெயிலில் குடையைப் பிடுங்கி எறிகிறவனைப் புத்திசாலி என்று யாராவது சொல்வார்களா?

இந்த மூடத்தனத்தையே முதலாகப் போட்டு, 1975-ல் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியார் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பூசிச் சிவந்தால் மாப்பிள்ளையும் வருவான், உத்தியோகமும் வரும் என்று விளம்பரம் செய்தார்கள். பெண்கள் மட்டும் ஏமாந்தால் போதாதென்று, 2005-ல் இமாமி கம்பெனியார் ஆண்களுக்கென்றே ஒரு களிம்பை விற்க வந்தார்கள். கருத்தவர்களைத் தாழ்ந்தவர்களாகக் காட்டக்கூடாது என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2014-ல் விதி செய்தது. 2020-ல் பழைய களிம்புக்கு 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயரும் மாற்றினார்கள். டப்பாவின் பெயர் மாறிற்று. வாங்குகிறவர் மனம் மாறிற்றா?

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. சீக்கிரம் சிவக்க வேண்டுமென்ற ஆசையைக் கண்டு, பாதரசம் கலந்த களிம்புகளையும் சிலர் விற்கிறார்கள். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டுக் களிம்பையோ, வைத்தியர் சொல்லாமல் நாள்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து புண்ணாகும். நோயில்லாத தோலுக்கு மருந்து பூசி நோயை வரவழைத்துக்கொள்வதா அழகு?

ஆனாலும் கம்பெனிக்காரனை மாத்திரம் வைது பயனில்லை. அவன் இந்த நோயை உண்டாக்கவில்லை. நம் வீட்டில் இருந்த நோய்க்கு விலை போட்டான், அவ்வளவே. "சிவந்த பெண் தேவை" என்று கலியாண விளம்பரம் கொடுக்கிறவன் யார்? நம் அண்ணன் தம்பிதானே! தான் கருப்பாயிருப்பது அவனுக்கு ஒரு குறையாகத் தெரிவதில்லை. வருகிறவள் மட்டும் சிவப்பாயிருக்க வேண்டுமாம். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பார்க்கிறான், பாலைக் கேட்கிறான். மனிதச் சந்தையில் தோலோடு சரி!

ஆகவே தோழர்களே, கலியாண விளம்பரத்தில் நிறத்தை எழுதாதீர்கள். பெண் பார்க்கப் போகும் வாலிபர்களே, நிறத்தைப் பற்றி வீட்டார் வாயெடுத்தால் அங்கேயே தடுங்கள். பெற்றோர்களே, களிம்புக்குக் கொடுக்கும் காசைப் பெண்ணின் புத்தகத்துக்குக் கொடுங்கள். முக்கியமாக, "கருப்பி" என்று குழந்தையை விளையாட்டுக்கும் இழித்துக் கூப்பிடாதீர்கள். தன் தோலைத் தானே வெறுக்கும்படி அவளுக்கு முதற்பாடம் சொல்லிக்கொடுப்பது கடைக்காரனல்ல, நாம்தான்.