மென்சவ்வும் மேற்கோளும்

ஓர் ஆராய்ச்சியாளரின் தகுதியை, அவருடைய கட்டுரைகள் பிறரால் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்னும் ஒரே எண்ணைக் கொண்டு நிர்ணயிக்கும் வழக்கம் பதவியுயர்வுக் குழுக்களிலும் நிதி வழங்கும் சபைகளிலும் வேரூன்றிவிட்ட இந்நாளில், தமிழகத்தினின்று சென்று மென்சவ்வுக் கடத்தல் துறையில் பெருங்கீர்த்தி எய்திய உயிர் இரசாயனவியலாளர் வடிவேல் கணபதியின் பணியை நம் துறையினர் ஊன்றி நோக்குதல் அவசியமென்று கருதுகிறோம்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஏ. என். இராதாகிருஷ்ணனோடு சேர்ந்து, குரங்கின் சிறுகுடலில் இருபெப்ரைட்டுகள் எவ்வாறு பிளவுறுகின்றன, எவ்வாறு உட்செல்கின்றன என்று ஆராய்ந்த அவர், பின்னர் ஜோர்ஜியா மருத்துவக் கல்லூரியில் பிரெடரிக் லீபாக்குடன் இணைந்தபொழுதும் அந்தக் கேள்வியைக் கைவிடவில்லை. குளுக்கோசு சோடியம் அயனோடு கூடியே குடற்கலத்துள் புகுகிறது என்று 1960 இல் ரொபர்ட் கிரேன் எடுத்துரைத்த சித்தாந்தம் (வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைக்கு ஜீவனி என்னும் உப்பும் குளுக்கோசும் கலந்த மருந்தைக் கரைத்துக் கொடுக்கும் தாயின் கையிலும் பயன்தருவது அதுவே) அக்காலத்தில் நிலைபெற்றிருந்தமையால், குடலில் சக்தி செலவிட்டு நிகழும் கடத்தல் யாவற்றுக்கும் சோடியமே ஆதாரம் என்று எண்ணுவது இயல்பாயிருந்தது. ஆனால், முயலின் குடலிலிருந்தும் சிறுநீரகத்திலிருந்தும் பிரித்தெடுத்த தூரிகை விளிம்பு மென்சவ்வின் நுண்பைகளில், கிளைசில்புரோலின் என்னும் இருபெப்ரைட்டு சோடியத்தின் துணையின்றியே உட்செல்வதை 1981 இலும், வெளிப்புறம் அமிலத்தன்மை மிகுந்து புரோத்தன்கள் உள்நோக்கிப் பாயும் நிலையில் அக்கடத்தல் விரைவுறுவதை 1983 இலும் அவர்கள் வெளியிட்டார்கள். பீட்டர் மிச்சல் 1961 இல் இழைமணிகளுக்கும் பச்சையவுருமணிகளுக்கும் கூறிய புரோத்தன் சாய்வு, பாலூட்டியின் குடற்சுவரிலும் தொழிற்படுகிறது என்பதற்கு இதனால் பிரத்தியட்சமான சான்று கிடைத்தது.

1994 இல் மத்தியாஸ் ஹெடிகரின் குழுவினர் முயலின் பெப்ரைட்டுக் கடத்திப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டே மனிதனுடையதைக் கணபதி, லீபாக் குழுவினர் வெளியிட்டனர். வாயால் உட்கொள்ளும் சில பென்சிலின், செபலோஸ்போரின் வகை மருந்துகள் அதே வாயிலினூடாக உடலுள் புகுவதால், மருந்தியலாளரும் அக்கட்டுரைகளைத் தேடி வரலாயினர். ஒரு மென்சவ்வின் அடிப்படைக் குணத்தை அறிய எழுந்த வினா, மருந்துச்சாலையின் நடைமுறைக்கு வழிகாட்டிற்று என்பது நமக்குப் பேருவகை தருகிறது.

மனிதச் செரட்டோனின் கடத்தியின் மரபணுவைப் பற்றி 1993 இல் இராமமூர்த்தி முதலானோரோடு கணபதியும் சேர்ந்து எழுதிய கட்டுரை, அவருடைய பெப்ரைட்டு ஆய்வைக் கண்ணாலும் காணாத உளநோய் மருத்துவர்களிடையே பெரிதும் வழங்குகிறது. அம்மரபணு நஞ்சுக்கொடியிலிருந்து எடுக்கப்பட்டது. கருவுக்கும் தாய்க்குமிடையே நிகழும் கடத்தலை ஆராய்ந்தவர்களுக்கே அங்கு தேட வேண்டுமென்று தோன்றியது. குடற்பற்றீரியங்கள் நாரைப் புளிக்கச் செய்து உண்டாக்கும் பியூட்டிரேற்று, எஸ்எல்சி5ஏ8 என்னும் கடத்தியால் சோடியத்துடன் உள்வாங்கப்படுவதை 2004 இல் கண்டதும், பெருங்குடற் புற்றுநோயில் அக்கடத்தி ஒடுங்கிப்போவதைத் தொடர்ந்து ஆராய்ந்ததும் அந்த மென்சவ்வு வினாவின் கிளைகளேயாம்.

இத்தொடர்ச்சியை மேற்கோள் எண் காட்டாது. உலகில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை 1951 இல் லௌரி குழுவினர் எழுதிய புரத அளவை முறை. அது அரும்பணியே எனினும், இயற்கையின் புதிய உண்மை எதனையும் அது கூறவில்லை. 1978 இல் நோபல் பரிசு பெற்ற மிச்சலோ, 1966 இல் தம் சித்தாந்தத்தின் விரிவான விளக்கத்தைச் சஞ்சிகை எதனிலும் அல்லாது தாமே அச்சிட்டு வழங்கினார். நம் கரையோரக் களப்புகளில் மாரிவெள்ளத்தில் உவர்ப்புத் தணிந்தும் கோடையில் மிகுந்தும் மாறும் நீரில் இறாலும் கண்டற்செடியும் அயன்களை எவ்வாறு காக்கின்றன என்று ஆராயும் இளைஞர் ஒருவருக்கு, மருத்துவத்துறையார் பெறும் மேற்கோள் எண்ணிக்கை ஒருபோதும் கிட்டாது. அதனால் அவர் வினா சிறிதாகிவிடுமா?

ஆதலின் தெரிவுக் குழுவில் அமரும் நம் வாசகர்களிடம் ஒன்று வேண்டுகிறோம்: விண்ணப்பதாரரின் எண்களைப் பார்க்குமுன், அவரே தம் சிறந்த பணியெனக் கொடுக்கும் ஒரு கட்டுரையை முழுவதும் வாசித்து, அது எவ்வினாவை எழுப்பிற்று, அவ்வினாவை அவர் பின்னர் எங்கே கொண்டுசென்றார் என்று அவரிடமே கேளுங்கள்.