உயிர்க் காலேஜும் ஓர் அடைக்கலமும்

யானைக்கவுனியில் இன்று யானையும் இல்லை, கவுனியும் இல்லை. கறுப்பர் நகரத்து மதிலில் இருந்த வாயில் ஒன்றின் பெயர் மட்டும் காவல் நிலையத்திலும் தெருப்பலகையிலும் எஞ்சியிருக்கிறது. அங்கிருந்து நடைதூரத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டிய பூங்காவில்தான் சென்னையின் பழைய விலங்குக் காட்சிசாலை இருந்தது. 1855இல் எட்வர்டு பால்ஃபர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது அது. பின்னர் பூங்காவுக்குப் பெயர்ந்து, 1985இல் வண்டலூர் சேர்ந்தது. நம் மக்கள் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் இதனை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் அழைத்தனர். கல்லூரியில் பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கு இப்பெயர் ஒரு கேள்வியை எழுப்புகிறது. அந்தக் காலேஜில் கற்றவர் யார், கற்றது என்ன?

கேள்வியைக் கூர்மையாக்கியது ஒரு செய்தி. 2025 மே மாதம், மேற்கு ஆப்பிரிக்க நாடான சியாரா லியோனில் உள்ள டாகுகாமா சிம்பன்சிக் காப்பகம் பார்வையாளர்களுக்குத் தன் வாயிலை அடைத்தது. காரணம் போரன்று, நோயுமன்று. சுற்றியுள்ள காட்டை அழித்து மனை பிடிப்போரை அரசு தடுக்கவில்லை என்பதற்கான எதிர்ப்பு அது. நுழைவுக் கட்டணத்தை இழந்தேனும் இதைச் செய்தார்கள். நம் கருத்தில், காப்பகம் என்ற சொல்லுக்கு அண்மையில் கிடைத்த சிறந்த உரை இதுவே.

இதனை நிறுவிய பாலா அமரசேகரன் இலங்கையில் பிறந்தவர், கணக்காளர். 1988இல் அவரும் மனைவியும் உள்நாட்டுக் கிராமமொன்றில் விற்பனைக்கு இருந்த, நலிந்துபோன சிம்பன்சிக் குட்டியை இருபது டாலர் கொடுத்து வாங்கினர். குத்துச்சண்டை வீரர் ஃபிராங்க் புரூனோவின் பெயரை அதற்கு இட்டனர். ஒரு குட்டி, பலவாயிற்று. 1995இல், உள்நாட்டுப் போரின் நடுவே, தலைநகர் ஃப்ரீடவுனை அடுத்த காட்டில் காப்பகம் பிறந்தது. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் அங்கே வாழ்கின்றன.

அவற்றின் அன்றாடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சிம்பன்சிக் குட்டி நான்கைந்து ஆண்டு தாயை விட்டு அகலாது. ஆகவே குட்டியைப் பிடிக்கத் தாயைக் கொல்கிறார்கள். காக்க வரும் சுற்றத்தையும் கொல்கிறார்கள். இடுப்பில் கயிற்றுப் புண்ணோடும் வற்றிய உடலோடும் வந்து சேரும் குட்டியை முதலில் ஏறத்தாழ மூன்று மாதம் தனியே வைப்பார்கள். காசநோய் முதலானவற்றுக்குச் சோதனை நடக்கும். அந்நாளில் பராமரிப்பாளரின் மார்பே அதற்குத் தாய்மடி. பின்பு பிற அநாதைக் குட்டிகளோடு மெல்லச் சேர்ப்பார்கள். காலையில் இரவுக் கூடங்கள் திறக்கும். மின்வேலியிட்ட காட்டுக்குள் கூட்டம் இறங்கும். அடைத்த காடு அத்தனை வயிறுகளுக்குப் போதாது என்பதால் நாளுக்குப் பலமுறை பழமும் காய்கறியும் தருவார்கள். இடையில் பேன் பார்த்தல், பிணக்கு, தலைமைப் போட்டி, சமாதானம். மாலையில் கூடம் திரும்புதல்.

காட்டுச் சிம்பன்சி இரவுதோறும் கிளைகளை வளைத்துப் புதுப் படுக்கை அமைக்கும். இது தாயைப் பார்த்துக் கற்கும் கலை. ஆண்டுக்கணக்கில் வீட்டுச் சங்கிலியில் கிடந்த விலங்கு கிளையின் பயனையே அறியாது. பக்கத்திலிருக்கும் தன்னினத்தைப் பார்த்துத்தான் அதைக் கற்க வேண்டும். கற்க வேண்டியவர் இங்கே விலங்கு, நாம் அல்லோம்.

குறுந்தொகையின் 69ஆம் பாட்டில், ஆண் இறந்துபட, மந்தி தன் இளங்குட்டியைச் சுற்றத்தாரிடம் சேர்த்துவிட்டு மலைச்சரிவில் பாய்ந்து உயிர்விடும். வகுப்பறையில் நாம் அந்தப் பாய்ச்சலையே பேசுகிறோம். அதற்கு முந்திய செயலைப் பேசுவதில்லை. குட்டியை ஒப்படைக்க மந்திக்கு ஒரு கிளை, அதாவது சுற்றம், இருந்தது. வேட்டைக்காரன் சிம்பன்சிக்கு அதையும் விட்டுவைப்பதில்லை. இழந்த கிளையை மீண்டும் கட்டுவதே காப்பகத்தின் ஒவ்வொரு நாள் வேலையும்.

இதில் இனிப்பு பூச வேண்டியதில்லை. 2006 ஏப்ரலில் புரூனோ உள்ளிட்ட 31 சிம்பன்சிகள் வெளியேறின. ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் கொல்லப்பட்டார். பெரும்பாலானவை திரும்பின, புரூனோ திரும்பவே இல்லை. மனிதரிடம் அச்சம் இழந்த வலிய விலங்கைக் காட்டில் விடுவதும் எளிதன்று. காட்டுக் கூட்டங்கள் அயலாரைக் கொல்லக்கூடும். ஆகவே ஒரு குட்டியை மீட்பது நாற்பது, ஐம்பது ஆண்டுப் பொறுப்பு.

ஆப்பிரிக்கக் கதை நமக்கெதற்கு என்போர் உண்டு. 2019இல் கொல்கத்தாவில் வன உயிர்க் கடத்தல் வழக்கொன்றில் மூன்று சிம்பன்சிகளை அமலாக்கத்துறை முடக்கியது. ஒவ்வொன்றும் 25 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்து என்று கணக்கு. அவை அலிப்பூர் காட்சிசாலைக்குப் போயின. 2022 ஆகஸ்டில் நம் சென்னை விமான நிலையத்திலேயே, பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் பெட்டியில் ஆப்பிரிக்கக் குரங்கொன்று பாம்புகளோடும் ஆமைகளோடும் அகப்பட்டது. வந்த வழியே தாய்லாந்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். இடையில், அயல்நாட்டு விலங்கு வைத்திருப்போர் ஆறு மாதத்துக்குள் தாமே அறிவித்தால் ஆவணம் கேட்பதில்லை என்று நடுவண் அரசு 2020இல் சலுகை தந்தது. எங்கிருந்து வந்தது, யாரைக் கொன்று எடுத்தது என்ற வினா அத்தோடு முடிந்தது. சட்டைபோட்ட சிம்பன்சி தேநீர் குடிக்கும் காணொளியை நண்பர்க்கு அனுப்பும் நம் விரலும் அந்தச் சந்தைக்கு விளம்பரமே.

பார்க்காமல் பரிவு எப்படி வரும் என்பது எதிர்வாதம். வலுவான வாதம்தான், ஆனால் 130 ஆண்டு நம் நகரின் நடுவே உயிர்க் காலேஜ் நடந்தும் விமானப் பெட்டிக் குரங்குக்கு இங்கே வாங்குவோர் இருக்கிறார்களே. மறுபுறம், அந்தக் குறுந்தொகை மந்தியை நம்மில் எவரும் பார்த்ததில்லை. ஈராயிரம் ஆண்டாக அதற்காக மனம் கசிகிறோம். பரிவுக்குக் கண் மட்டும் வழியன்று.

எனவே நாம் கேட்பவை இரண்டு. மீட்ட விலங்கின் வாழ்நாள் செலவை நுழைவுச் சீட்டின் தலையில் கட்டாமல் அரசு ஏற்கட்டும். ‘காப்பகம்’ என்ற சொல்லை, விலங்கின் தேவைக்காகத் திறந்து, விலங்கின் தேவைக்காக மூடும் வாயிலுக்கு மட்டுமே வழங்குவோம். மற்றவற்றுக்குக் காட்சிசாலை என்ற பழைய பெயரே பொருத்தம். அதில் பொய் இல்லை.