மயிர் உதிர்தலும் மொட்டை வேண்டுதலும்

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணுக்குத் தலைமயிர் கொத்துக்கொத்தாய் உதிர ஆரம்பித்தால், மாமியார் கண்ணேறு என்பார். பூசாரி குலதெய்வத்துக் குறை என்பார். கடைசியில் பழனிக்கு மொட்டை என்று முடிவாகும். உதிருகின்ற மயிரை நிறுத்துவதற்கு, உதிராமல் மிஞ்சியிருப்பதையும் கொடுத்துவிடுவது என்கின்ற இந்த வைத்தியத்தை எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தானோ நாம் அறியோம். ஆனால் திருப்பதியில் சேரும் மயிரைத் தேவஸ்தானத்தார் ஏலம் போட்டுக் கோடிக்கணக்கில் பணமாக்குகிறார்கள் என்பது ஊரறிந்த சங்கதி.

மொட்டை போட்ட பிறகு மயிர் நன்றாக வளர்ந்ததே என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. வளர்ந்தது மெய்தான். டைபாயிடு போன்ற கடுஞ்சுரம் வந்து, அல்லது பிள்ளை பெற்று, இரண்டு மூன்று மாதம் கழித்து மயிர் கொட்டுவதும், பின் சில மாதங்களில் தானாகவே முளைப்பதும் உடம்பின் இயல்பு. புழுவெட்டு என்பதும் புழு அரிப்பதல்ல. உடம்பின் காவல் அணுக்களே மயிர்க்காலைப் பகையென்று தாக்குவதால் வருவது அது. சிறு திட்டாயிருந்தால் பலருக்கு ஒரு வருஷத்துக்குள் தானே ஆறிவிடும். இந்த ஆறுதலுக்கெல்லாம் சாமி பேர் வாங்கிக் கொள்கிறது.

ஆனால் தானே ஆறாத காரணங்களும் இருக்கின்றன. அவற்றில் நம் பெண்களிடம் அதிகம் காண்பது இரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகைக்காரர். முட்டைக்குப் பேர் போன நாமக்கல் சீமையிலேயே, புருஷனும் பிள்ளைகளும் தின்று மிஞ்சியதைத் தின்னும் பெண்ணின் இரும்புச்சத்துக் குறைவைப் பழனியில் மழித்துப் போக்க முடியுமா? தைராய்டுக் கோளாறும் அப்படியே. குழந்தைகளின் தலைப்படையை நாள்கடத்தினால் சிலருக்குத் தழும்பாகி மயிரே முளைக்காது. புருவம் உதிர்ந்து, தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டால் குஷ்டமாகவும் இருக்கலாம். அதற்கும் சர்க்காரில் இலவச மருந்து உண்டு.

நிற்க, மராட்டியத்துப் புல்டானா ஜில்லாவில் 2024 டிசம்பர் கடைசியிலும் 2025 ஜனவரியிலும் பல கிராமங்களில் 200-க்கு மேற்பட்டவர்களுக்குச் சில நாட்களில் மயிர் கொட்டி வழுக்கையாயிற்று. டாக்டர்கள் தண்ணீரையும் இரத்தத்தையும் தானியத்தையும் சோதித்தார்கள். ரேஷன் கோதுமையில் செலீனியம் மிதமிஞ்சியிருந்ததாக டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் தம் சோதனையில் கண்டு சொன்னார். மொட்டை வேண்டிக்கொண்டு சும்மாயிருந்தால் கோதுமையை யார் சந்தேகித்திருப்பார்கள்?

ஆண்களின் பரம்பரை வழுக்கைக்குச் சந்தையில் விற்கும் மூலிகைத் தைலத்தால் பலனில்லை. மினாக்சிடில் என்னும் மருந்து சிலருக்கு உதவும். அதுவும் விட்டால் பழையபடிதான். வழுக்கையோடிருப்பது மானக்கேடுமல்ல.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியிலும், 2022-இல் துவங்கிய நாமக்கல் மருத்துவக் கல்லூரியிலும் காட்டலாம். போகிறவர்கள் எப்போது உதிரத் தொடங்கியது, முன்பு சுரமோ பிரசவமோ உண்டா, மாதவிடாய் மிகுதியா, என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்பதைச் சொல்லி, இரத்தத்தையும் தைராய்டையும் சோதிக்க வேண்டுமா என்று வெட்கப்படாமல் கேட்பார்களாக.