விளையாட்டிற்கு ஈதல் தகுமோ?

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாநிலத்தில் மலை மிதிவண்டி வீரர்க்கென ஒரு கடும் போட்டி நடைபெறுகின்றது. கேப் எப்பிக் என்பது அதன் பெயர். 2004ஆம் ஆண்டு தொடங்கிய அப்போட்டி, பெரும்பாலும் மார்ச்சுத் திங்களில் எட்டு நாள் நிகழ்வது. வழி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அண்மை ஆண்டுகளில் அதன் தொலைவு ஏறத்தாழ 600 முதல் 700 கிலோமீட்டர் வரை இருந்தது. ஏறும் மேடுகளையெல்லாம் கூட்டினால் 15,000 மீட்டர் அளவிற்கு வரும். வீரர் இருவர் இருவராகவே செல்லல் வேண்டும். இணைந்த இருவர் இரண்டு நிமிட இடைவெளிக்கு மேற் பிரிந்தால் தண்டம் உண்டு. வலியவன் மெலியவனை விட்டு ஓடலாகாது என்னும் இவ்விதி எத்துணை அழகியது!

அங்கே பரிசை நாடி வருவோர் சிலரே. ஒரு சாரார் அறப்பணிக்காக மிதிப்பர். தாம் இம்மலைகளைக் கடக்கப் போவதாக நண்பர்க்கும் வணிகர்க்கும் அறிவிப்பர். அவர்கள் தரும் பொருளை ஓர் அறநிலையத்திற்கு அளிப்பர். அங்ஙனம் பயன்பெற்ற இடங்களுள் ஒன்று கயமாண்டி.

கயமாண்டி, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஸ்டெல்லன்போஷ் நகரை அடுத்த குடியிருப்பு. கோசா மொழியில் அதன் பெயருக்கு இனிய இல்லம் என்பது பொருள். பெயரில் இருந்த இனிமை அங்கு வாழ்ந்தோர் வாழ்வில் இல்லை. தோட்டங்களில் உழைக்க வந்த கறுப்பின ஆடவரைத் தனியே ஒதுக்கி வைத்த இடம் அது. 2008ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்து நாட்டு மலை மிதிவண்டி வீரர் கிறிஸ்டோப் சௌசர், அவ்வூர் இளைஞர் சோங்கோவுடன் இணைந்து அங்கு ஓர் அறப்பணியைத் தொடங்கினார். அவ்விளைஞர் பெயராலேயே அஃது அழைக்கப்பட்டது. சிறுவர்க்கு மிதிவண்டிப் பயிற்சியோடு பாடங்களிலும் துணைசெய்வது அதன் நோக்கம்.

கூரை ஒழுகும் ஊரில் மிதிவண்டி எதற்கு என்று கேட்பாரும் உளர். கேள்வியைப் புறந்தள்ளல் ஆகாது. பசித்த பிள்ளைக்கு முதலிற் சோறுதான் வேண்டும். ஆயினும் சோறு ஒன்றே போதும் என்பது, அப்பிள்ளையை வெறும் வயிறாகக் காண்பதாகும். செல்வர் வீட்டுப் பிள்ளை விளையாடினால் அது பயிற்சி. ஏழைப் பிள்ளை விளையாடினால் அது வீண்பொழுதோ? முல்லைக்குத் தேர் ஈந்த பாரியிடம் கணக்குக் கேட்டவர் எவருமிலர்.

இன்னுமொன்று எண்ணத்தக்கது. அந்நாட்டில் 1986ஆம் ஆண்டு வரை, கறுப்பின மக்கள் தம் பிறந்த நாட்டிலேயே அனுமதிச் சீட்டின்றி நடமாட இயலாதிருந்தனர். பாட்டன்மார் கூலியாளராகவே நுழையக்கூடிய மலைச்சரிவில், பேரப்பிள்ளை தன் காலால் மிதித்து ஏறுகின்றான். களைத்தால் இறங்கி நிற்கின்றான். எவரும் சீட்டைக் காட்டு என்பதில்லை. இம்மகிழ்ச்சிக்கு விலை கூற வல்லார் யார்?

ஈவோர் நினைவில் வைக்க வேண்டுவதும் ஒன்றுண்டு. வண்டியை ஒருநாள் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு மறைவது எளிது. மலைவழியில் டயர் கிழியும், சங்கிலி அறும், தடை தேயும். பழுது பார்க்கும் கையும் மாற்றுப் பொருளும் இல்லையேல் சில திங்களில் அவ்வண்டி துருவேறிச் சுவரிற் சாய்ந்து கிடக்கும். பிள்ளையும் ஆண்டுக்கு ஆண்டு வளர்கின்றான், வண்டி வளர்வதில்லை. ஆதலின் ஒருமுறை கொடுக்கும் பெருந்தொகையினும், ஆண்டுதோறும் தவறாது வரும் சிறுதொகையே பெரிது. திரட்டிய பொருளில் பாதியை விருந்திற்கும் விளம்பரத்திற்கும் செலவிடும் அறவோட்டங்கள் எந்நாட்டில் நிகழினும் அவற்றை அறம் என்பது சொல்லளவே.

பயிற்சித் தடமும் வழிகாட்டியும் வேண்டுமோ, சாலை போதாதோ என்பார்க்கு விடை துயரமானது. பரி ஸ்டாண்டர் என்னும் தென்னாப்பிரிக்க வீரர், சௌசரோடு இணைந்து சோங்கோவின் பெயர் தாங்கி ஓட்டி, 2011, 2012 ஆகிய ஈராண்டும் கேப் எப்பிக் போட்டியில் வென்றார். 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் பெற்றார். 2013 சனவரி 3ஆம் நாள், பயிற்சிக்காகச் சாலையிற் சென்றபோது வாடகைச் சிற்றுந்து ஒன்று மோத, 25ஆம் வயதில் உயிர் நீத்தார். வண்டியோட்டுவதில் தேர்ந்தவர்க்கே சாலை அத்தகையதாயின், பத்து வயதுச் சிறுவன் நிலை என்னாம்?

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் சௌசர் மீண்டும் புறப்பட்டார். செக் நாட்டு வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி உடன் சென்றார். அணியின் பெயரில் மறைந்த தோழரின் பெயரும் சோங்கோவின் பெயரும் சேர்ந்திருந்தன. எட்டாம் நாள் அவ்வணியே முதலில் நின்றது.