நாத்தமும் நறுமணமும்

நண்பர் ஒரு சுருட்டை நீட்டினார். நிகராகுவாவின் எஸ்தெலியில் கையால் சுருட்டியது. நான் கேள்விப்படாத பிராண்ட், தங்க நிறக் காகித வளையம். "பிரீமியம். மெதுவா இழுங்க, கோக்கோ வாசம் வரும், தோல் வாசம் வரும்" என்றார்.

எனக்கு வந்தது தோட்டத்துத் தாத்தாவின் வாசம்தான். 'நாத்தம்' என்று மூக்கைப் பொத்தி, அவரை அஞ்சடிக்கு வெளியே உட்கார வைத்தவர்கள் நாம். அவர் பிடித்ததும் கையால் சுருட்டியதுதானே? ஆங்கிலத்தின் 'செரூட்' நம் சுருட்டிலிருந்து போன சொல். 1887இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே கொலைகாரன் பிடிப்பது திருச்சிச் சுருட்டு! வெள்ளைக்காரன் பிடித்தால் இலக்கியம், தாத்தா பிடித்தால் நாத்தமா?

சுருட்டு நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. (நுரையீரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.) தாத்தாவைப் பற்றிச் சொன்னேன்.

"அது வேற சார்."

"எது வேற?"

வளையத்தைக் காட்டினார்.