டைனமோவுக்கு டிரான்ஸ்ஃபர்

பானெட்டைத் திறந்து இஞ்சினைப் பார்க்கும் ஆண்கள் இரண்டு வகை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள். தெரிந்த மாதிரி 'ம்... ம்...' என்று தலையாட்டுகிறவர்கள். இரண்டாவது வகைதான் மெஜாரிட்டி. இந்த வாரம் அவர்களுக்காக ஒரு பாடம்.

இஞ்சினின் முன்பக்கம் ஓரமாக, உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக, பெல்ட் மாட்டிய அலுமினிய உருண்டை ஒன்று இருக்கும். அதுதான் ஆல்டர்னேட்டர். நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் அதற்கு இன்னமும் டைனமோ என்றுதான் பெயர். 1960-ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தது. அதன்பின் ஒவ்வொரு காராக நிஜ டைனமோவுக்குக் கட்டாய ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் சர்வீஸில் நீடிக்கிறது.

காமர்ஸ் பாஷையில் சொன்னால் ஆல்டர்னேட்டர்தான் சம்பளம். பாட்டரி வெறும் சேவிங்ஸ் அக்கவுன்ட். ஸ்டார்ட்டர் மோட்டார் சில விநாடிகளில் 100 ஆம்பியருக்கு மேல் உருவிக்கொள்ளும். ஹெட்லைட் ஜோடிக்கு 9, ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்ப் என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். சம்பளம் நின்றால்? 35 ஆம்பியர்-அவர் பாட்டரியில் 20 ஆம்பியர் செலவு செய்தால் பேப்பரில் ஒன்றே முக்கால் மணி நேரம் தாங்கும். நடைமுறையில் அதுவும் தாங்காது. பிறகு நடராஜா சர்வீஸ்தான்.

இப்போது கோயமுத்தூர் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கம்பெனியில் பர்சனல் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கட்டுகிறார். வாங்கவில்லை சார், கட்டுகிறார்! 1957-ல் காலின் சாப்மன் விட்ட லோட்டஸ் செவன் மாதிரி, குள்ளமாக, இரண்டு பேர் உட்கார. சேசிஸ் சொந்த வெல்டிங். இஞ்சின் உக்கடத்துப் பழைய சாமான் கடை. முதலீடு பி.எஃப். லோன். ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது; செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டத்தான் இத்தனை பாடு. மாருதி உதிரி பாகங்களை வைத்து ரேஸ் கார் செய்து காட்டிய கரிவர்தன் வாழ்ந்த ஊர் அல்லவா, ஆசை வரத்தான் செய்யும்.

இஞ்சினை இறக்கிப் பார்த்தால், ஸ்டியரிங் தண்டு போகவேண்டிய பாதையில் ஆல்டர்னேட்டர் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. தண்டை நகர்த்த இடமில்லை. சரி, ஆல்டர்னேட்டரை எதிர்ப்பக்கம் மாற்றிவிடலாம் என்று நண்பர் தீர்மானித்தார். "நாலு போல்ட், ரெண்டு ஒயர், ஒரு மணி நேர வேலை" என்றார். சேசிஸ் குழாயில் ஒரு ஆங்கிளை வெல்டு வைத்து அதில் மாட்டுவதாகத் திட்டம்.

பக்கத்து லேத் பட்டறைப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஏனுங் சார், இஞ்சினு ரப்பர் மேல உக்காந்திருக்குதுங்க. ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஒரு பக்கமா சாயும். சேசிஸ் அசையாதுங்க. அசையறதையும் அசையாததையும் ஒரே பெல்ட்டுல கட்டுனா, பெல்ட்டு அத்துப் போயிரும். இல்லாட்டி புல்லிய விட்டு எகிறிரும்."

முதல் விதி இதுதான். ஆல்டர்னேட்டர் எந்தப் பக்கம் போனாலும் இஞ்சினோடுதான் கட்டப்பட வேண்டும். இஞ்சின் பிளாக்கில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளைப் பிடித்து, கனமான தகட்டில் பிராக்கெட் செய்ய வேண்டும். மெல்லிய தகடு என்றால் அதிர்வில் விரிசல் விடும்.

அடுத்தது பெல்ட். எல்லாப் புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினால் காலை நேரத்தில் கிரீச்சென்று அலறித் தெருவையே எழுப்பும். கொஞ்ச நாளில் ஓரம் நைந்துவிடும். அதைவிட முக்கியம், பல பழைய இஞ்சின்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. புது இடத்தால் பெல்ட்டின் பாதை மாறி, பம்ப் புல்லியை அது கொஞ்சமாகத் தழுவினால் வழுக்கும். தண்ணீர் ஓடாது. இஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கட் போகும். சம்பளம் நிற்பதோடு வீட்டுக் கூரையும் சரிகிற கதை.

இடம் போதவில்லை என்று முகத்தைப் பின்பக்கம் திருப்பி மாட்டினால் எதிர்த்திசையில் சுற்றும். மின்சாரம் வரும், டயோடுகளுக்குத் திசை பற்றிக் கவலையில்லை. ஆனால் கூடவே இருக்கும் குட்டி ஃபேனின் இறக்கைகள் பல மாடல்களில் ஒரு திசைக்கென்று வளைக்கப்பட்டவை. திசை மாறினால் காற்று குறையும், ஆல்டர்னேட்டர் வெந்துவிடும். சைலன்ஸர் குழாய் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். நடுவே ஒரு தடுப்புத் தகடு வைத்தே ஆக வேண்டும்.

கடைசியாக ஒயர். உயிர்ப் பிரச்னை இங்கேதான். பாட்டரிக்குப் போகும் தடித்த ஒயரில் எப்போதும் கரன்ட் இருக்கும், சாவியை எடுத்த பிறகும். அது சேசிஸில் உரசித் தோல் போனால் தீதான். அதனால் தூரம் கூடினால் இன்னும் தடித்த ஒயர், ஓட்டை வழியே போகிற இடங்களில் ரப்பர் வளையம், பாட்டரி பக்கத்திலேயே பெரிய ஃபியூஸ். பிராக்கெட்டுக்கு அழகாகப் பெயின்ட் அடித்தவர்கள் போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் சுரண்டிவிடவும். 'எர்த்' அந்த வழியாகத்தான் திரும்பி வருகிறது.

நண்பர் வெல்டிங் திட்டத்தைக் கைவிட்டார். அட்டையில் வெட்டி அளவு பார்த்து, மூன்று பிராக்கெட் செய்து, இரண்டைத் தூக்கிப் போட்டு, ஏழு ஞாயிற்றுக்கிழமை கழித்து ஸ்டார்ட் செய்தார். பாட்டரியில் மீட்டரை வைத்தால் 14.1 வோல்ட். இஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருந்தால் பாஸ். பெல்ட் சத்தமே இல்லை. பெரியவர் கட்டைவிரலால் பெல்ட்டை அமுக்கிப் பார்த்து, அரை இஞ்ச் அமுங்கியதும், "இப்ப சரிங்" என்றார். கோவையில் அது பத்மஸ்ரீ.

மறுநாள் ஆபீஸில் நண்பரின் மேஜைமேல் பதினோரு டிரான்ஸ்ஃபர் ஆர்டர்கள் கையெழுத்துக்கு இருந்தனவாம். வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் முடிக்கிற மனுஷன், அன்று பேனாவை மூடிவிட்டு, "இதுல யார் யாருக்கு ஸ்கூல் போற குழந்தைங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

கிளார்க் பயந்துபோய் லீவ் போட்டுவிட்டார்.