மூண்டு சில்லும் மண்ணெண்ணெய்க் காரும்

மூண்டு சில்லு எண்டவுடன எங்கட சனத்துக்கு ஓட்டோதான் ஞாபகம் வரும். இங்கிலாந்துக்காரனுக்கு வேற ஒண்டு வரும்: மோர்கன். முன்னுக்கு இரண்டு சில்லு, பின்னுக்கு ஒண்டு, மூக்கில எஞ்சின் அப்பிடியே வெளியால துருத்திக்கொண்டு நிக்கும். கூரையும் இல்லை, கதவும் இல்லை. ஜெர்மன் மழைக்கு இதை வாங்கிறவனுக்கு விசர் எண்டுதான் முதல்ல நினைக்கத் தோணும் :-)

ஆனால் இந்த விசர் நூறு வருசம் தாண்டியும் மாறேல்லை. எச்.எஃப்.எஸ். மோர்கன் எண்டவர் 1909இல மால்வெர்னில முதல் வண்டியைச் செய்தார். 1952 வரை மூண்டு சில்லு மோர்கன் வந்தது. பிறகு நிப்பாட்டிப்போட்டு, 2011இல பழைய சாயலிலேயே திரும்பக் கொண்டுவந்தினம். அதுவும் 2021இல முடிஞ்சு, 2022இல சூப்பர் 3 வந்தது. அதில ஃபோர்ட் எஞ்சின், அதையும் உள்ளுக்க மறைச்சுப் போட்டினம்.

ஏன் மூண்டு சில்லு? அழகுக்கு இல்லை, வரிக்கு! 1920களில அங்க காருக்குக் குதிரைவலு ஒண்டுக்கு ஒரு பவுண் வரி. எடை குறைஞ்ச மூண்டு சில்லு வண்டிக்கு மொத்தமாவே நாலு பவுண்தான். காசில்லாதவன் ஒரு சில்லைக் குறைச்சு வரியை மிச்சம் பிடிச்சான். ஜெர்மனியிலயும் இதே கதைதான். போருக்குப் பிறகு கார் வாங்க வழியில்லாத சனம் 1955இல இருந்து 1964 வரை வந்த மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர். 200இல ஓடித்திரிஞ்சது. அதுக்கும் மூண்டு சில்லுதான். இண்டைக்கு இரண்டும் காசுள்ளவன்ர விளையாட்டுச் சாமான்.

"பழசில இருக்கிற ஆசை" எண்டு இதைச் சொல்லி முடிக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை. 1952க்குப் பிறகு பிறந்தவனும்தானே வாங்கிறான்? பழைய மோர்கனில எது எதைச் சுத்துது, எந்தச் சங்கிலி எந்தச் சில்லை இழுக்குது எண்டு கண்ணால பாக்கலாம். பழுதானால் ஒரு மனுசன் சாவியும் கையுமா நிண்டு திருத்தலாம். கணினி வந்து அனுமதி தரவேண்டியதில்லை. ஈர்ப்பு அங்கதான் இருக்கு எண்டு நான் நினைக்கிறன்.

இதை எங்கட ஆக்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990இல பொருளாதாரத் தடை வந்து யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் நிண்டபிறகு ஓடினது என்ன? ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர். எல்லாம் அதே இங்கிலாந்தின்ர பழைய கார்கள். காபரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓட்டினவை. அந்தக் காலத்து எஞ்சினில அமுக்கம் குறைவு, அதால மண்ணெண்ணெயையும் தாங்கிச்சுது. புதுக் காரில இந்த வேலை நடக்காது.

இரண்டையும் ஒண்டு எண்டு சொல்ல வரேல்லை. மோர்கன்காரன் ஞாயிற்றுக்கிழமை விரும்பி நனையிறான். எங்கட ஆக்கள் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேற வழியில்லாமல் புகைக்குள்ள ஓடினவை. அதைப் "பொற்காலம்" எண்டு எழுதினால் அது பொய். ஆனால் அந்தக் கைவேலை பொய்யில்லை.

இப்ப நான் இருக்கிற ஊன்ட்றொப்புக்கு வாறன். 2002இல கும்பாபிஷேகம் நடந்த காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும். பக்கத்தில கார் விட்டிருக்கிற இடத்தைப் பாருங்கோ: பென்ஸ், பி.எம்.டபிள்யூ, அவுடி. உழைச்சு வாங்கினதுதான், குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. எனக்கு ஒரு சைக்கிள்தான் இருக்கு. ஆனால் அந்தக் காரில வந்து இறங்குற அப்பாமாரில எத்தினை பேர் ஒரு காலத்தில கராச்சில ஏ40க்குக் கீழ படுத்துக் கிடந்தவை? அவையின்ர பிள்ளையளுக்கு அது தெரியுமா?

மோர்கனுக்குச் சங்கம், புத்தகம், அருங்காட்சியகம் எல்லாம் இருக்கு. அந்த ரசிகர்கள் ஒவ்வொரு ஆணியையும் எழுதி வைச்சிருக்கினம். எங்கட மண்ணெண்ணெய்க் கார் வித்தை அனேகமாய் வயசு போன மெக்கானிக்மாரின்ர தலைக்குள்ளதான் இருக்கு. அவை போனால் அதுவும் போயிடும்.

அதால வலைப்பதியிற நண்பர்களே, ஒரு வேண்டுகோள். அப்பா, மாமா, சித்தப்பா ஆரும் அந்தக் கார் ஓட்டியிருந்தால், திருத்தியிருந்தால், கேட்டு ஒரு பதிவு போடுங்கோ. எந்தக் குழாய், எவ்வளவு பெற்றோல், எப்ப மாத்தினது எண்டு விபரமா வேணும். சும்மா "அது ஒரு காலம்" எண்டு முடிச்சால் பின்னூட்டத்தில வந்து சண்டை பிடிப்பன் ;-)